புகாரில்லாக் குடியிருப்பு

லிஃப்ட் நின்றுபோய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. "விரைவில் இயங்கும்" என்று அதன் கதவில் ஒட்டிய காகிதம் மூன்று முறை கிழிந்து, மூன்று முறை புதிதாக ஒட்டப்பட்டது. அந்த இடத்தில் சுறுசுறுப்பாக நடந்த வேலை அது ஒன்றுதான். பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஏழு சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. "புகாரில்லாக் குடியிருப்பு" என்று வீட்டு வாரியம் வருடத்துக்கு ஒரு கட்டடத்துக்குக் கொடுக்கும் விருது அது. ஆறு தளம், நாற்பத்தெட்டு வீடு, ஏழு வருடமாக ஒரு புகார்கூடக் கிடையாது. ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்து ஏறுகிறவர்கள் அந்தச் சான்றிதழ்களைத் தாண்டித்தான் மூச்சிரைக்கப் போவார்கள்.

அந்தப் பெருமை முழுவதும் அண்ணனைச் சேரும். அண்ணன் குடியிருப்போர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாகத் தலைவர். தேர்தல் நடக்காமல் இல்லை, வருடா வருடம் நடக்கும். உடம்பு சரியில்லை என்று அண்ணன் ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். எல்லோரும் அவர் வீட்டு வாசலில் திரண்டு நின்று கெஞ்சுவார்கள். இரண்டு பேராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அண்ணன் பெருமூச்சு விட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதுதான் தேர்தல். கடிதம் எப்போதும் ஒரே கடிதம்தான், தேதியை மட்டும் திருத்துவார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களும் சேர்ந்துதான் கெஞ்சுவார்கள்.

அவருடைய சக்தியெல்லாம் போனில் இருந்தது. "வர்ற செவ்வாய்க்கிழமை தண்ணித் தொட்டி கழுவ ஆளுங்க வர்றாங்க. நான் போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்பார். செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து நிற்பார்கள். "அடுத்த மாசம் வெளிச்சுவருக்கு வெள்ளை அடிக்கறாங்க" என்பார். அடிப்பார்கள். இப்படி ஒரு மனிதர் முதல் மாடியில் இருக்கும்போது, மற்றவர்கள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? லிஃப்டுக்கும் அவர் சொல்லியாகிவிட்டது. பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான்காம் மாடியில் இருந்தவளை எல்லோரும் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் ஓரமாக மெஷின் போட்டு, ரவிக்கை, பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை என்று எது வந்தாலும் தைப்பாள். லிஃப்ட் நின்ற பிறகு அளவு கொடுக்க யாரும் மேலே ஏறி வருவதில்லை. இஞ்சு டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இவளே இறங்கிப் போவாள். அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் படியிலிருந்து வழுக்கி விழுந்து முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்த மறுவாரம் லிஃப்ட் நின்றது. ஆள் தொண்ணூறு கிலோ. ஒரு தடவை நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கை வழுக்க, நாற்காலி சாய, அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு. அதோடு அவர் சொல்லிவிட்டார், இனிமேல் உயிரோடு இருக்கும்வரை தன்னை யாரும் தூக்கக் கூடாது என்று. போன வாரம் மருத்துவர் வீடியோவில் காலைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: தினமும் சமதரையில் நீள நடக்க வேண்டும், வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு வர வேண்டும், மூன்று மாதத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் முழங்கால் அப்படியே இறுகிவிடும், அப்புறம் ஸ்டியரிங் முன்னால் உட்காருவதை மறந்துவிட வேண்டியதுதான்.

"அண்ணன் சொல்லியிருக்கார்ல. வந்துடும்" என்றார் டிரைவர். இந்த வீடு ஒதுக்கீடு ஆனதே அண்ணன் போட்ட போனால்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

தையலக்கா முதல் மாடிக்கு இறங்கிப் போனாள். அண்ணன் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வாளி இருந்தது. கூரையிலிருந்து அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே இது, ஒழுகுது?"

"மேல் வீட்டுக் குழாய்ம்மா. மூணு வருஷமா இருக்கு."

"புகார் கொடுக்கலாமேண்ணே!"

அண்ணன் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கொடுத்தா விருது போயிடும்மா. தலைவன்னு இருந்தா நாலையும் பாக்கணும்ல?"

விருதுக்காகத் தன் தலையில் தண்ணீர் சொட்டினாலும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், என் புருஷன் காலைப் பாருங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டாள். சொல்லியாகிவிட்டது என்றார். யாரிடம் என்றாள். "மேல" என்றார். அவர் கையும் கூரையைத்தான் காட்டியது.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு முழு வெள்ளைத்தாளில் மனு எழுதினாள். கீழே நாற்பத்தெட்டுக் கோடு போட்டு, எண் போட்டு, எதிர் வீட்டில் கொடுத்தாள். தாள் வீடு வீடாகப் போய் இரண்டு நாள் கழித்து வந்தது. பிரித்துப் பார்த்தால் நாற்பத்தெட்டாவது கோட்டில் கையெழுத்து இருக்கிறது, நாற்பத்தேழில் இருக்கிறது, நாற்பத்தாறில் இருக்கிறது. இப்படியே கீழிருந்து மேலாக ஏறிவந்து பதினெட்டாவது கோட்டோடு நின்றிருந்தது. முதலில் போட்ட ஆள் கடைசிக் கோட்டைப் பிடித்துக்கொள்ள, அடுத்த ஆள் அதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருவரும் முன்னால் நிற்கவில்லை.

"மேல் கோடு அண்ணனுக்குக்கா. அவர் போடாம நாங்க எப்படிப் போடறது?" என்றாள் எதிர் வீட்டுக்காரி. கோபமாகச் சொல்லவில்லை, மரியாதை தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில் சொன்னாள். அண்ணனோ, விருது வருடத்தில் மனுவா என்று தாளைத் தொடவே மறுத்துவிட்டார்.

வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்கு ஒரு ஜன்னல். உள்ளே ஒரு பெண் குமாஸ்தா, மூக்கு நுனியில் கண்ணாடி, மேஜையில் தடிப் பேரேடு. தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"முதல் மனுதாரர் யாரு?"

"நான்தான் எழுதினேன். நாப்பத்தெட்டுல இருக்கேன் பாருங்க, முதல்ல போட்டது நான்தான்." அவளும் கடைசிக் கோட்டில்தான் போட்டிருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"முதல் கோடு காலியா இருக்கேம்மா. தலைவர் கையெழுத்து இல்லாம கூட்டு மனுவை எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் எத்தனை பேர் போட்டாலும் ஒரு மனு, ஒரு நம்பர், ஒரு ஆய்வு." குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினாள். "எந்தக் கட்டடம்னீங்க? ஓ, நீங்களா! உங்க பக்கத்தைத் திறந்ததே இல்லை நான்." திருப்பிக் காட்டினாள். மேலே கட்டடத்தின் எண், கீழே பக்கம் முழுக்க வெறும் கோடு. முந்தைய பேரேட்டிலும் அப்படித்தானாம். "நீங்கள்லாம் ரொம்ப சந்தோஷமா இருக்கீங்கன்னு இங்க பேசிக்குவோம்."

"எங்க அண்ணன் போன் பண்ணுவாரே? இருபத்திரண்டு வருஷமா?"

"போனா? எந்த நம்பருக்கு? இங்க போன் வேலை செஞ்சே நாலு வருஷம் ஆச்சு." குமாஸ்தா கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளைச் சட்டை, சின்னக் குடையோட வருவாரே, அவரா? வருஷ ஆரம்பத்துல வருவார். பராமரிப்பு அட்டவணை ஒரு காப்பி வாங்கிட்டுப் போவார். எந்தக் கட்டடத்துக்கு எந்த மாசம் வெள்ளை, எந்தத் தேதி தொட்டி கழுவறதுன்னு எல்லாம் அதுல இருக்கும். தங்கமான மனுஷன், ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை."

தையலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம். தானாக வரப்போகிற ஆளை, தான் வரவழைத்ததாகச் சொல்லி ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடம் கும்பிடு வாங்கியிருக்கிறார். அட்டவணையில் லிஃப்ட் இல்லை, அதனால் லிஃப்ட் வரவில்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆளுக்கு ஒண்ணா, தனித்தனியா எழுதிக் கொடுத்தா?"

"கொடுக்கலாமே. ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் பொறியாளர் அவங்க வீட்டுக்கே போய், அவங்க முன்னாலயே பாத்து எழுதணும். வேலை முடிஞ்சா அவங்கவங்க கையெழுத்துப் போட்டாத்தான் அந்த நம்பர் மூடும். மாசக் கடைசியில எந்தக் கட்டடத்துல திறந்த நம்பர் அதிகமோ அதுக்குத்தான் முதல் வேலை. ஆனா யாரும்மா அப்படியெல்லாம் மெனக்கெடப் போறாங்க?"

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டிரைவர் கேட்டுக்கொண்டே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவர் அமைதியா வேலை செய்யறவர். பேரேட்டுல எழுதியா செய்வாங்க? நமக்கு வீடு யார் வாங்கிக் குடுத்தா?"

"குலுக்கல்ல விழுந்த வீடுங்க. நான்தானே போய்ச் சீட்டு எடுத்தேன்!"

"உன் கைக்கு அந்தச் சீட்டு வந்ததே அண்ணனாலதான்."

இதற்குமேல் என்ன பேசுவது? கால் அவருடையது, அது இறுகிக்கொண்டிருக்கிறது, அதற்காக அவள் நாயாக அலைகிறாள், அவரோ அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிறார். அவள் மெஷினில் உட்கார்ந்து படபடவென்று ஒரு தலையணை உறையைத் தைத்து முடித்தாள். முடித்த பிறகுதான் பார்த்தாள், நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தாள். உட்கார்ந்து பிரித்தாள்.

மறுநாள் அவள் தன் பெயருக்கு ஒரு மனு எழுதி, நம்பர் வாங்கி, அந்தச் சீட்டை லிஃப்ட் கதவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு வீடு வீடாகப் போனாள். அண்ணனைப் பற்றி அலுவலகத்தில் கேட்டதைச் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் நம்பியும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "அட்டவணையைத்தான் வாங்கினார்னே வையுங்க, அதையாவது யார் போய் வாங்கினா?" என்றார் ஒருவர். அவர் சொன்னதும் நியாயம்தான் என்று தையலக்காவுக்கே தோன்றியது. எனவே அண்ணன் பேச்சை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு மனு, அவ்வளவுதான், யாரும் முதலும் இல்லை கடைசியும் இல்லை என்று மட்டும் சொன்னாள். முன்னால் நிற்க வேண்டாம் என்றதும் சனங்களுக்கு மூச்சு வந்தது. "அப்படீன்னா மாதிரிக்கு உங்க மனுவைக் கொஞ்சம் குடுங்கக்கா" என்றார்கள். கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

நாலாம் நாள் குமாஸ்தா அவளைக் கூப்பிட்டனுப்பினாள். மேஜையில் முப்பது மனுக்கள். முப்பதிலும் ஒரே வாசகம்: "என் கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியுள்ளது. அவர் நான்காம் மாடியில் இருக்கிறார்." கல்யாணமே ஆகாத கணக்கு வாத்தியார் மூன்றாம் மாடியிலிருந்து அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார், என் கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று. தரைத்தளத்தில் சலூன் வைத்திருப்பவரின் கணவரும் நான்காம் மாடியில்தான் இருந்தார்.

"ஒரே ஆளுக்கு முப்பது சம்சாரமாம்மா?" என்றாள் குமாஸ்தா. "இதை நான் ஏத்தினா என் வேலை போயிடும். அவங்கவங்க கஷ்டத்தை எழுதச் சொல்லுங்க."

தையலக்கா மனுக்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். வழியெல்லாம் பொருமினாள். அண்ணன் சொன்னால் அண்ணன் பின்னால், இவள் எழுதினால் இவள் பின்னால். சொந்தமாக ஒரு கஷ்டம்கூடவா இல்லை இந்தச் சனங்களுக்கு? கீழே நிறுத்தி ஒவ்வொருவரையும் கேட்டாள்.

"உங்களுக்கு லிஃப்ட் இல்லாததால என்ன கஷ்டம், வாத்தியாரே?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். பதினோரு மாதமாக யாரும் அவரை இதைக் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ட்யூஷனுக்கு வர்ற பசங்க மாடியேறி வந்ததும் அரை மணி நேரம் பாடம் ஏறமாட்டேங்குது. நாலு பேர் நின்னுட்டாங்க" என்றார். சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் உயர்ந்தது. "சொல்லப்போனா அஞ்சு பேர்!"

சலூன்காரர், தான் தரைத்தளம், தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பித்தார். பிறகு, மேல் மாடிப் பெரியவர்கள் முடிவெட்ட இறங்கி வருவதே இல்லை என்பது ஞாபகம் வந்தது. "ஐயையோ, அதான் கடையில ஈ ஓட்டறேனா!" என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எதிர் வீட்டுக்காரி தன் அம்மா தன்னைப் பார்க்க வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதினாள், எழுதிவிட்டுத் தாளின் மேல் அழுதாள். ஈரம் காய்ந்த பிறகு அதையும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் முப்பது மனு சேர்ந்தது, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. எழுத்துப்பிழைக்குப் பஞ்சமில்லை. அவரவருக்கு வேலை இல்லாத நாளில் அவரவரே போய்க் கொடுத்து நம்பர் வாங்கினார்கள். லிஃப்ட் கதவில் சீட்டுக்கு மேல் சீட்டாக ஒட்டி, "விரைவில் இயங்கும்" மறைந்தே போயிற்று.

அண்ணன் மனம் நொந்தார். உடம்பு சரியில்லை என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வருகிறவர்களுக்காக நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு, வீட்டில் பெரிய பாத்திரத்தில் தேநீரும் போடச் சொன்னார். அன்று பார்த்து எல்லோரும் நம்பர் வாங்கும் மும்முரத்தில் இருந்தார்கள். யாரும் வரவில்லை. சாயங்காலம் தேநீர் ஆறிப்போனதும் அவரே நாற்காலிகளை மடித்து வைத்தார் என்று அவர் வீட்டம்மா சொன்னாள். தையலக்காவுக்கு அதைக் கேட்கப் பாவமாக இருந்தது.

ஆனால் சனங்கள் பழக்கத்தை விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் அண்ணனின் நாற்காலியையே நான்காம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "இனிமே நீங்கதான்கா தலைவி. நீங்க பாத்துக்குவீங்க" என்றார்கள். கட்டிலில் இருந்த டிரைவருக்குக் கண் சிவந்தது.

"நான் தலைவியானா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள் தையலக்கா, வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு. "எல்லா மனுவும் சேந்து ஒரு மனு ஆயிடும். பொறியாளர் ஒரே தடவை வந்து, என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு, ஹாயா போயிடுவார். இப்ப அவர் முப்பத்தொரு வீட்டுக்கு நடந்து ஏறணும். யோசிச்சுப் பாருங்க, எது வேணும்?"

தியாகம், கொள்கை என்று அவள் எதையும் பேசவில்லை. முப்பத்தொன்று பெரிதா, ஒன்று பெரிதா என்ற கணக்கு வாத்தியாருக்கு உடனே புரிந்தது. நாற்காலியைக் கீழே கொண்டுபோனார்கள். ஏற்றும்போது இருந்த உற்சாகம் இறக்கும்போது இல்லை என்பதால் இரண்டு இடத்தில் சுவரில் இடித்தது.

பொறியாளர் வந்தார். இளம்வயதுதான், ஆனால் தொப்பை அவருக்கு முன்னால் வந்தது. முதல் நாள் எட்டு நம்பரை ஒரே ஏற்றத்தில் முடித்துவிடலாம் என்று வந்தவருக்கு மூன்று வீடுதான் திறந்திருந்தது. மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மனுதாரர் முன்னிலையில்தான் ஆய்வு என்பது விதி. மறுநாள் காலை ஐந்தாம் மாடி, மத்தியானம் இரண்டாம் மாடி, மறுபடி ஐந்தாம் மாடி. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "லிஃப்ட் இயங்கவில்லை என்பதை நேரில் கண்டேன்" என்று எழுதினார். பதினோராவது வீட்டில், நடந்து வந்து நேரில் கண்டேன் என்று எழுதினார். இருபதுக்கு மேல் போனபோது அவருடைய அறிக்கைகளில் விதிப்படி இருக்கக் கூடாத சொற்கள் எல்லாம் வர ஆரம்பித்தன. ஒரு நாள் நான்காம் மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். தையலக்கா அப்போது கீழே யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கணக்கில், ஏழு சான்றிதழ் வாங்கிய கட்டடம் புகாரில் முதலிடம் பிடித்தது. வாரியத்தில் யாரோ அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டு முறை எண்ணினார்களாம். மோட்டாருக்கு உத்தரவு வந்தது. மருத்துவர் சொன்ன மூன்று மாதம் முடியப் பதினோரு நாள் இருக்கும்போது, புது மோட்டாரும் மாட்டியாகிவிட்டது.

திறக்கிற நாளில் எல்லோரும் கீழே கூடினார்கள். லிஃப்ட் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் அண்ணன், வெள்ளைச் சட்டை, கையில் கத்தரிக்கோல். "அண்ணனின் இடைவிடாத முயற்சியால்" என்று ஒரு தட்டியும் எழுதி வைத்திருந்தார்கள். ராஜினாமாவை யாரும் ஏற்றுக்கொள்ளாததால் அவர்தான் இன்னும் தலைவர் என்பது அவருடைய வாதம், அதில் சட்டப்படி ஓட்டை எதுவும் இல்லை. கூட்டத்தில் சிலர் கைதட்டவும் தயாராக இருந்தார்கள். தையலக்கா தட்டியையே முறைத்துப் பார்த்தாள். இத்தனையும் எழுதியும் கடைசியில் தட்டியில் ஒரே ஒரு பெயர்தானா?

பொறியாளர் ஃபைலைப் பிரித்தார். "நம்பர் மூடாம நான் கரன்ட் குடுக்க முடியாது. கூப்பிடக் கூப்பிட வந்து கையெழுத்துப் போடுங்க."

"நானே எல்லார் சார்பாவும் போட்டுடறேன் தம்பி" என்று அண்ணன் பேனாவைத் திறந்தார்.

"உங்க மனு நம்பர் சார்?"

அண்ணன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"நம்பர் இல்லைன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வரிசை மறைக்குது."

ஒவ்வொருவராகப் போனார்கள். சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். வாத்தியார் தேதியோடு போட்டார். எதிர் வீட்டுக்காரி தன் முழுப்பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டாள். யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் கத்தரிக்கோலை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"முப்பத்திரண்டு" என்றார் பொறியாளர்.

"முப்பத்தொண்ணுதான் சார்" என்றாள் தையலக்கா. "நான் எண்ணியிருக்கேன்."

"முப்பத்திரண்டும்மா. உங்க வீடுதான். அன்னைக்கு நாலாவது மாடியில மூச்சு வாங்கி உக்காந்தேன்ல, சார் கதவைப் பிடிச்சிட்டு நின்னு தண்ணி குடுத்தார். டம்ளரோட இதையும் குடுத்தார்." ஒரு தாளை நீட்டினார்.

அது மனு மாதிரியே இல்லை. வேலை முடிந்து வண்டியை விடும்போது டிப்போவில் ஒவ்வொரு டிரைவரும் எழுதிக் கொடுக்கும் பழுதுச் சீட்டு மாதிரி இருந்தது. அந்தச் சீட்டில் ஓட்டியவன் கையெழுத்து இல்லாமல், பெரிய அதிகாரி சொன்னாலும் மெக்கானிக் ஸ்பானரைத் தொடமாட்டான். கோணல் மாணலான அவருடைய கையெழுத்தில் இப்படி இருந்தது: "வண்டி: லிஃப்ட். தடம்: தரைத்தளம் முதல் ஐந்தாம் மாடி வரை. பழுது: ஒரு வருடமாகப் புறப்படவில்லை. பயணி: நான்காம் மாடியில் ஒருவர் நிற்கிறார். இத்தனை நாள் சீட்டு எழுதாதது டிரைவர் குற்றம்."

அவள் அதை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை, எழுத்து நனைந்து தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன்! முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் இல்லாத நேரம் பார்த்து எழுதியிருக்கிறார். அவளுக்குக் கோபமும் வந்தது, அதைவிட நூறு மடங்கு சந்தோஷமும் வந்தது, கூட்டத்தில் எல்லோரும் பார்க்க மூக்கை உறிஞ்சினாள்.

"அவர் கையெழுத்து வாங்கணும். இந்தத் தடவை நான் நடக்கமாட்டேன்" என்று பொறியாளர் சுவிட்சைப் போட்டு, ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். லிஃப்ட் மேலே போயிற்று. கீழே நின்றவர்கள் கதவுக்கு மேல் எரியும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கில் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்.

கதவு திறந்தது. டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிப்பன் அவர் மார்புக்கு நேராக இருந்தது.

"வா தம்பி!" என்று அண்ணன் இரண்டு கையையும் விரித்தார். "நான்தான் சொன்னேன்ல, வந்துடும்னு!"

டிரைவர் ரிப்பனை ஒரு கையால் கழற்றிவிட்டு, வலி பொறுத்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"சொன்னீங்கண்ணே" என்றார். "ஒரு வருஷமா நீங்க சொன்னீங்க, நான் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். என் காலு போகப் பாத்துது. தள்ளிக்குங்கண்ணே, நான் நடக்கணும்."